விளக்கின் முதுகு

சோதனை அறையில் எரியும் விளக்கின் முதுகை யாரும் கையால் தொடுவதில்லை. அப்படியொரு பலகை எங்கும் மாட்டப்படவில்லை. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததுமில்லை. சூட்டை அளக்கும் துப்பாக்கி சூப்பர்வைசர் சபரீஷின் கையில் இருந்தது. அவன் வாசித்துச் சொல்லும் எண்தான் சூடு.

சூலூரை ஒட்டி, முன்பு விசைத்தறி ஓடிய கொட்டகையில் அந்தத் தெருவிளக்குக் கம்பெனி நடந்தது. பக்ருன்னிசாவுக்கு நான்காம் மேஜை. எல்இடி பதித்த தகட்டின் அடியில் வெள்ளைப் பசை தடவி, விளக்கின் முதுகான அலுமினிய உடலின்மேல் அமர்த்திக் கொடுப்பாள். அடுத்த மேஜையில் லோகப்பிரியா திருகாணி முடுக்குவாள். தகட்டின் சூட்டை வாங்கி அலுமினியத்துக்குக் கடத்துவது பசையின் வேலை என்று சேர்ந்த அன்று சொல்லியிருந்தார்கள். காலாவதியான ஏடிஎம் அட்டையால் ஒரே இழுப்பில், தாள் கனத்துக்கு வழிப்பாள். ஆறு வருஷமாக அதே அட்டை.

சித்திரையிலிருந்து விளக்குகள் திரும்பிவரத் தொடங்கின. கம்பத்தில் ஏறி ஒரு மாதம் தாங்கவில்லை. பிரித்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் நான்காம் மேஜையின் ஸ்டிக்கர். பசை தடவும் மேஜை அது ஒன்றுதான்.

"ஏனுங்க அக்கா, பசையில சிக்கனம் புடிக்கறீங்களாட்ட இருக்குது. நல்லா அப்புங்க" என்றான் சபரீஷ்.

அப்பினாள். அந்த விளக்குகள் இன்னும் சீக்கிரம் செத்தன.

"இட்லி மாவாட்டம் ஊத்திப்போட்டா எப்படிங்க? வழிச்சு எடுங்க."

வழித்தெடுத்தாள். அவையும் வந்தன.

"இன்னொரு லோடு திரும்புச்சுன்னா ஊட்டுலயே இருந்துக்குங்க அக்கா. கோவிச்சுக்காதீங்க."

மகள் யுஸ்ராவின் நர்ஸிங் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. கூட்டுவதா குறைப்பதா என்று தெரியாமல் பக்ருன்னிசாவின் கை அட்டையோடு அந்தரத்தில் நின்றது. பசை டப்பா அதேதான், லேபிளும் அதேதான். ஆனால் முன்பெல்லாம் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் ஒட்டியிருந்து, சோறு பிசையும்போது நாறும். இப்போது ஒரு சொம்புத் தண்ணீரில் போய்விடுகிறது. உக்கடம் பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் அவளுக்கு அது சௌகரியமாகவே இருந்தது.

சாப்பாட்டு வேளையில் லோகப்பிரியாவிடம் கேட்டாள். "முன்னால பக்கத்துல போனாலே முதுகு அனலடிக்கும். அதெல்லாம் வருஷக்கணக்கா எரியுது. இப்ப முதுகுல அனலே காணோம், இதுதான் சாவுது. சூடில்லாட்டி நல்லதுதானே புள்ள?"

"எனக்கென்னக்கா தெரியும். எங்கூட்டுக்காரர் டிவி சூடானாலே ஆப் பண்ணிப்போடுவாரு. துப்பாக்கிக்காரரக் கேளுங்க."

கேட்கவில்லை.

வியாழக்கிழமை, விளக்கு வாங்கும் ஒப்பந்தக்காரரின் ஆளான பிரவின்குமார் வந்தார். சோதனை அறையில் ஒரு மணி நேரமாக எரிந்த விளக்கின் முதுகில் சபரீஷ் துப்பாக்கியின் சிவப்புப் புள்ளியை வைத்தான்.

"முப்பத்தெட்டு டிகிரிதானுங்க சார். எத்தனை குளுகுளுன்னு இருக்குது பாருங்க. மெட்டீரியல்ல குத்தமில்லீங்க, திரும்புனதெல்லாம் கைத்தப்பு. தடவற அக்காவ இன்னையோட மாத்திப்போடறோமுங்க."

பிரவின்குமார் குறித்துக்கொண்டார். தகடுகளைத் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்த பக்ருன்னிசா வாசலில் நின்றிருந்தாள். யாரும் அவளை உள்ளே கூப்பிடவில்லை. தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். விளக்கின் முன்கண்ணாடியில் இடதுகை விரலை வைத்தாள், சுரீரென்று இழுத்துக்கொண்டாள். பிறகு வலது உள்ளங்கையை விரித்து அதன் முதுகில் பதித்தாள்.

பழைய விளக்கென்றால் இரண்டு நொடி கை தாங்காது. கொட்டகையில் லோகப்பிரியாவின் முடுக்கியின் சத்தம் நின்றது.

"அக்கா, கைய எடுங்க" என்றான் சபரீஷ்.

"சுடலைங்க" என்றாள் பக்ருன்னிசா, பிரவின்குமாரைப் பார்த்து. "சுடோணுமுங்க. சூடு முன்னாலயே நிக்குது, இங்க வந்து சேரலை. பசை பழைய பசையில்லீங்க. நீங்களும் தொட்டுப் பாருங்க."

பிரவின்குமார் கையைப் பையிலிருந்து எடுக்கவில்லை. சபரீஷின் விரல் இன்னும் விசையை அழுத்தியிருந்தது. விளக்கின்மேல் இருந்த சிவப்புப் புள்ளி இப்போது அவள் புறங்கையில் நின்றது. இடதுகை விரல் நுனி கொப்பளிக்கத் தொடங்கியிருந்தது. அவள் வலதுகையை எடுக்கவில்லை.