படத்தில் விடுபட்ட காட்சி

2024 மே 7ஆம் திகதி, மெல்பேர்னின் வடக்கே உள்ள ஒரு மருத்துவமனையில், எழுபத்தெட்டு வயதான வரதராஜாவுக்குக் கணையப் புற்றுநோய் என்றும் அது ஈரலுக்குப் பரவிவிட்டது என்றும் உறுதி செய்யப்பட்டது.

செய்தி மகள் கமலினியிடம் சொல்லப்பட்டது. முதல் நாளே வரதராஜா டொக்டரிடம், எதுவானாலும் மகளோடு கதையுங்கள் என்று நல்ல ஆங்கிலத்தில் சொல்லியிருந்தார். கமலினி டொக்டரை வெளியே மறித்து, அப்பாவிடம் அந்த வியாதியின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டாள். டொக்டருக்கு அது பிடிக்கவில்லை. அப்பாவாகக் கேட்டால் பொய் சொல்லமாட்டேன் என்று டொக்டர் சொன்னாள். வரதராஜா கேட்கவில்லை. கேட்காதபடியால் அவருக்குத் தெரியாது என்று வீட்டில் முடிவாயிற்று.

யாழ்ப்பாணத்தில் கமலினியின் அம்மாவுக்கும் இப்படித்தான் செய்தார்கள். கடைசி நாள்வரை வயிற்றுப்புண் என்றே சொல்லிவைத்தார்கள். அப்போது எல்லோருடைய வாயையும் கட்டியவர் வரதராஜாதான்.

"ஈரலில கொஞ்சம் கிருமி அப்பா. மருந்து ஏத்தினால் சரியாப் போம்," என்றாள் கமலினி.

"ஓம் பிள்ளை," என்றார் அவர். "அப்ப நான் ஒருக்கா கரவெட்டிக்குப் போட்டு வரலாம்தானே. சிறியைப் பாக்கவேணும்."

சிறி அவருடைய தம்பி, யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் இருப்பவன். கமலினியின் கல்யாணக் கார்ட்டில் சித்தப்பாமாரின் பெயர்களைப் போட்டபோது சிறியின் பெயர் விடுபட்டுப் போயிற்று. அச்சகத்தின் பிழை என்று வரதராஜா சொன்னார். சிறி நம்பவில்லை. பதினொரு வருடமாகப் பேச்சில்லை. இப்போது போனில் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. நேரே போய் வாசலில் நின்றால் என்ன செய்வான் பார்ப்போம் என்பது வரதராஜாவின் கணக்கு.

பயணம் ஏதும் இருந்தால் இந்த ஒரு மாதத்துக்குள் போகட்டும், பிறகு முடியாது என்று டொக்டர் கமலினியிடம் சொல்லியிருந்தாள். அங்கேதான் கமலினிக்குச் சிக்கல். மருந்தை இடையில் விட்டுவிட்டு உடனே அனுப்பினால், ஏன் இந்த அவசரம் என்று அப்பா யோசிப்பார். யோசித்தால் பிடித்துவிடுவார். ஆகவே, "மருந்து முடியட்டும் அப்பா, ஓகஸ்டில போவம்," என்றே சொல்லிவந்தாள். ஒவ்வொரு தரமும் அவர் தலையாட்டினார். மே மாதம் போயிற்று.

ஜூன் மாத ஞாயிறு ஒன்று. அவர்கள் வீடு இருக்கும் கிரெய்கிபர்னில் வெளியே குளிர்கால ஊசிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. அப்பா முன்பு அடிக்கடி சொல்லும் பழைய ஹொலிவூட் படம் ஒன்றை இணையத்தில் தேடிப்பிடித்துக் கமலினி டிவியில் போட்டாள். சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்த இளவயதில், யாழ்ப்பாணப் பட்டணத்துத் தியேட்டரில் அவர் இரண்டு தரம் பார்த்த படம். நாவலையும் வாசித்திருந்தார். கமலினியின் கணவன் சுபாங்கன் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து உட்கார்ந்தான்.

"கறுப்பு வெள்ளைப் படம் உமக்கு நித்திரைக் குளிசையல்லோ," என்றார் வரதராஜா.

"இல்லை மாமா, இண்டைக்கு முழுசாப் பாப்பன்."

கால்மணி நேரத்தில் சுபாங்கன் குறட்டை விட்டான்.

படத்தில் ஒரு கிழட்டுக் கப்டன். கடன் காரணமாக அவருடைய கப்பலை மகள் விற்றுவிடுகிறாள். அப்பாவின் மனம் உடையும் என்று பயந்து, கப்பல் திருத்த வேலையில் நிற்கிறது என்கிறாள். அவர் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். வசந்தத்தில் புறப்படலாம் என்று மகள் சொல்கிறாள். வசந்தம் வருகிறது. ஜன்னலோரம், கடலைப் பார்த்துச் சிரித்தபடி கப்டன் கண்ணை மூடுகிறார். வயலின்கள் எழும்புகின்றன.

கமலினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், ஆனால் சந்தோசமாப் போறார்."

"அது சினிமாக்காரரின்ர வேலை," என்றார் வரதராஜா. "புத்தகத்தில கிழவனுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நடுக் கதையிலேயே ஒரு நாள் துறைமுகத்துக்கு நடந்து போறார். கப்பலில வேற பேர் எழுதிக் கிடக்கு. பாத்துப்போட்டுத் திரும்பி வந்து, மகள் வைச்ச சூப்பைக் குடிக்கிறார். ஒண்டும் சொல்லேல்லை. அந்தக் காட்சியைப் படத்தில வெட்டிப்போட்டாங்கள்."

"ஏன் அவர் சொல்லேல்லை?"

"அவள் அவ்வளவு பாடுபட்டுப் பொய் சொல்லுறாள். அதைக் கெடுப்பானேன்."

கமலினி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"உன்ர அம்மாவுக்கும் தெரிஞ்சிருக்கும் எண்டுதான் இப்ப நினைக்கிறன்," என்றார் அவர். "ஒரு நாளும் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. கேக்காதது எனக்கு வசதியாப் போச்சு."

கமலினி குசினிக்குப் போய்த் தண்ணீர்க்குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். சொல்லிவிடலாம். இனிச் சொல்வதற்கும் ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் அந்தச் சொல் வாயில் வரவில்லை. திரும்பி வந்து அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"அப்பா, றிக்கெற் போடட்டா?"

"போடன்."

"மருந்து..."

"அது கிடக்கட்டும் பிள்ளை."

அன்றைக்கே ஜூலை 11ஆம் திகதிக்கு இரண்டு இருக்கைகள் பதிவு செய்தாள். அதற்கு முந்திய திகதிகளில் இருக்கை கிடைக்கவில்லை. சித்தப்பாவுக்கு, அப்பா வருகிறார் என்று ஒரு குரல் செய்தி அனுப்பினாள். அடுத்த நாள் சிறியின் குரலிலேயே பதில் வந்தது: "கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு வான் பிடிச்சுக்கொண்டு வாறன். அண்ணரை ஆறுதலா வரச்சொல்லு." வரதராஜா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்.

ஜூலை முதல் வாரத்தில் அவருக்கு வயிற்றில் நீர் தேங்கியது. கால்கள் வீங்கின. விமான நிறுவனம் மருத்துவச் சான்று கேட்டது. டொக்டர் கையெழுத்திட மறுத்தாள். ஐந்து வாரத்துக்கு முன்பென்றால் போட்டிருப்பேன் என்று கமலினியிடம் சொன்னாள்.

11ஆம் திகதி விமானம் அவர்கள் இல்லாமல் போயிற்று. வரதராஜா 23ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலையில் இறந்தார்.