கிளிப்பச்சைக் கோடி

பக்கத்து வீட்டுப் பக்கிரி சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நேரே ஹேமசபேசனிடம் வந்தான். புவனகிரியிலிருந்து மிதித்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அவுரு வரலியாம் மாமா. தங்கச்சி காலையில தவறிட்டாங்கன்னு சொன்னேன். 'எனக்குத் தங்கச்சி செத்து எட்டு வருஷமாச்சு, போ'ன்னுட்டு உள்ள போயிட்டாரு."

கூடத்தில் கனகாம்பாளைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். வாசலில் பாடையும் கட்டி முடிந்திருந்தது. பிறந்த வீட்டுக் கோடி ஒன்றுதான் பாக்கி. சுமங்கலியாகப் போகிறவளுக்கு அண்ணனோ தம்பியோ புதுச்சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதன் பிறகுதான் தூக்குவார்கள். காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம் கனகம் புருஷன் ஹேமசபேசனிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்கண்ணனுக்கு என்னா கோவம் இருந்தாலும் கோடி போட வந்துடுவான், பாருங்க." எதற்குமே பயப்படாதவளுக்கு, நாதியற்றவளாகப் போய்விடுவோமோ என்கிற இந்த ஒரு பயம் மட்டும் இருந்தது.

அண்ணன் உத்திராபதி நாற்பத்தைந்து வயதில் பதினாறு வயதுப் பெண்ணை இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டவர். மாலையும் கழுத்துமாக அவர் மணையில் வந்து உட்கார்ந்ததும் கனகம் சபையில் சிரித்துவிட்டாள். அதுவும் லேசாக இல்லை, விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது.

ஹேமசபேசன் கடலூரில் வக்கீல் குமாஸ்தா. வாரமெல்லாம் அங்கே; சனிக்கிழமை ரயிலேறிச் சிதம்பரம் வருவார். கோர்ட்டில் சண்டைக்காரர்கள் சமாதானமாகிப் போகும் ராஜிகளை எத்தனையோ பார்த்த மனுஷன். வீட்டிலும் தன்னால்தான் ராஜி நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

நம்பாமல் என்ன செய்வார்? அக்கா அபயாம்பாள் ஒரு தினுசு, கனகம் ஒரு தினுசு. சின்ன வயதிலேயே தாலியறுத்துத் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள் அக்கா. கடைக்காரன் தப்பாகக் கூடுதலாய் அளந்துவிட்ட மண்ணெண்ணெயை உச்சி வெயிலில் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தவள். கனகத்துக்கோ அடுப்பில் பால் இருப்பதே நினைவிருக்காது. வளையல்காரன் வந்தால் உட்காரவைத்து அவன் மாமியார் வரைக்கும் விசாரிப்பாள். யுத்தத்தில் ரேஷன் கண்ட்ரோல் வந்த பிறகு அவள் கள்ள மார்க்கெட்டில் சர்க்கரை வாங்கினாள். அக்கா அந்தத் திருட்டுச் சர்க்கரையைத் தொடவில்லை, காப்பியில் வெல்லம் போட்டுக் குடித்தாள். ஆனால் எறும்பு ஏறாமல் அந்த டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைத்துக் காத்ததும் அக்காதான்.

வந்த அன்று அக்காவைத் தனியே கூப்பிட்டு, "கொஞ்சம் அனுசரிச்சுப் போக்கா" என்பார் ஹேமசபேசன். கனகத்திடமும் அதையே சொல்வார். இரண்டு பேருமே தலையாட்டுவார்கள். ஞாயிறு இரவு ரயிலேறும்போது அவருக்கு ஒரு வேலையை முடித்த திருப்தி இருக்கும். மற்ற நாளெல்லாம் அங்கே யார் ராஜி செய்கிறார்கள் என்று அவர் யோசித்ததே இல்லை.

"பொழுது சாயுதுப்பா" என்றாள் ஒன்றுவிட்ட சித்தி தர்மாம்பாள். "வராதவன எம்மா நேரம் பாத்துக்கிட்டு இருக்கறது? புருஷன் வூட்டுக் கோடியோட எடுத்துடுங்க. அவ குடுத்துவச்சது அம்புட்டுத்தான்."

ஹேமசபேசன் அக்காவைத் தேடினார். அவளைக் காணோம். வீட்டில் ஆள் கூடினால் சாமான் அறையைப் பூட்டப் போகிறவள், இன்றைக்குமா அதைச் செய்துகொண்டிருக்கிறாள் என்று ஆத்திரமாக வந்தது.

அபயாம்பாள் தெருவிலிருந்து வந்தாள். கக்கத்தில் ஒரு புதுச்சேலை. நல்ல கிளிப்பச்சை, அகலச் சிவப்புக் கரை. அந்த நிறத்தைக் கனகம் கட்டினால் கண்ணைக் குத்துகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொள்பவள் அவள்.

"துணிக் கூப்பன் ஏதுக்கா?" குமாஸ்தா வாய், கேட்டுவிட்டது.

"கூப்பனும் இல்ல, ஒண்ணும் இல்ல. சுப்பராயலு கடையில கொல்லப்பக்கமாப் போயி வாங்கினேன்."

சேலையைப் பிரித்தபடி கனகத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தர்மாம்பாள் அவள் கையைப் பிடித்தாள்.

"அபயம், நீ போடக்கூடாதும்மா. தாலியறுத்தவ. அதுவும் நீ புருஷன் வூட்டு மனுஷி. பொறந்த வூட்டுக் கோடிய நீ எப்டி போடுவ?"

அக்கா கையை விடுவித்துக்கொண்டாள். குரல் உயரவில்லை.

"கோவம் வந்தா ஒரு பொம்பள பொறந்த வூட்டுக்குத்தான சித்தி போவா? இவ எங்க போனா? தம்பி மேல கோவம்னாலும் அடுப்பங்கரைக்கு என்கிட்டத்தான் வருவா. என் மேல கோவம்னாலும் என்கிட்டத்தான் வருவா. வந்து கத்திட்டு, சோத்தப் போடு அண்ணின்னு உக்காருவா. அப்ப இவளுக்கு எது பொறந்த வூடு?"

அவள் சேலையைக் கழுத்துவரை போர்த்தி, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

ஹேமசபேசன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன்மேல் கனகத்துக்குக் கோபம் வந்ததுண்டு என்பதே அவருக்கு இப்போதுதான் தெரிகிறது. எந்தச் சனிக்கிழமையும் அவள் முகத்தில் அதை அவர் பார்த்ததில்லை. அவர் வந்து இறங்குவதற்குள் அடுப்பங்கரையில் அதெல்லாம் பேசித் தீர்க்கப்பட்டிருந்தது. இத்தனை வருஷமும் ராஜி நடந்தது அவருக்காகத்தான். மேல்துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

நாலு பேர் வந்து கனகத்தைப் பாடைக்கு மாற்றிக் கட்டினார்கள். சேலை கால்பக்கம் ஏறியிருந்தது. பக்கிரி குனிந்து அதை இழுத்து மூடப்போனான்.

"கால மூடாத" என்றாள் அபயாம்பாள். "போத்துனா ஒதைச்சுத் தள்ளிடுவா. தெனம் ராத்திரி எனக்கு இதே வேல."

பக்கிரி கையை எடுத்துக்கொண்டான். மஞ்சள் பூசிய பாதங்கள் இரண்டும் பச்சைச் சேலைக்கு வெளியே தெரிய, கனகத்தைத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.