முழு வெளிச்சத்தில் ஒரு பவளத் தொட்டி

1
இந்தக் கதை நான் யோசித்து எழுதியதல்ல. மீன்தொட்டிக் கடையில் ஒட்டுக்கேட்டது. ஒருவர் எல்.இ.டி. விளக்கை மேஜைமேல் வைத்து, "இதைத் திருப்பி எடுத்துக்குங்க. மாட்டினதுலேர்ந்து வீட்ல என்கூடப் பேச மாட்டேங்கிறா" என்றார்.

"வெளிச்சத்தை எவ்வளவுல வச்சீங்க?"

"முழுசா."

கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். மிச்சமெல்லாம் என் சொந்தச் சரக்கு.

2
முதல் தொடக்கம்: 'நீல ஒளியில் பவளங்கள் கனவு கண்டன, அப்போது—'

சீ, பவளமாவது கனவு காண்பதாவது! அடித்துவிட்டேன்.

இரண்டாவது: மனைவி சின்னத் தொட்டியில் உயிருள்ள பவளம் வளர்த்தாள். பவளத்துக்குத் தோதாக நீலம் தூக்கலாக, கூட்டிக் குறைக்கிற மாதிரி ஒரு நல்ல விளக்கு கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். "நீல லைட்டா? இதென்ன வீடா, ராத்திரி பஸ்ஸா?" என்று கணவன் சிரித்தே தட்டிக்கழித்தான். ஒருநாள் அக்கா வீட்டுக்குப் போனவள், எப்போது திரும்புவாள் என்று சொல்லவில்லை.

3
அவன் பயந்துபோனான். (இங்கே அவனைக் கெட்டவனாக்கப் பார்த்தேன், மசியவில்லை. மனுஷன் நிஜமாகவே அழுதான்.) கடையிலேயே உசத்தியான விளக்கை வாங்கினான். கொஞ்சமாக ஆரம்பித்து, வாரக்கணக்கில் கூட்ட வேண்டும் என்று கடைக்காரர் வாயெடுக்கும்போதே, "எனக்குத் தெரியும்" என்றான். வீட்டுக்கு வந்து வெள்ளை வெளிச்சத்தை முழுசாக ஏற்றினான்.

பழுப்பும் பச்சையுமாக இருந்த பவளங்கள் சில நாளில் வெளுத்தன. அழுக்கு போய்விட்டது என்று பூரித்துப் படம் எடுத்து அனுப்பினான்: 'பாரு, உன் பவளம் எப்படி ஜொலிக்குது!'

4
அன்றே வந்துவிட்டாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் நேரே போய் வெளிச்சத்தை இறக்கினாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா சர்ப்ரைஸ் போயிடுமே."

"உயிரை வாட்டி வச்சுட்டு ஜொலிக்குதுங்கிறீங்க."

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்?"

"நீங்க எல்லாத்தையும் நல்லதுக்குத்தான் செய்வீங்க. அதான் என்னால சண்டைகூடப் போட முடியல."

5
வெளிச்சம் தாங்காமல் வெளுத்த பவளம் உடனே சாகாது, பிழைத்தாலும் பிழைக்கும். 'நிறம் திரும்பியது, அவளும் தங்கினாள்' என்று முடித்துப் பார்த்தேன். எனக்கே கூசியது. 'அவள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு—' தண்ணீரோடு யார் தூக்குவது?

அவள் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் வந்து நின்று அவன் கேட்கிறான்: "இப்ப எவ்வளவு வைக்கணும்?" இந்தக் கல்யாண வாழ்க்கையில் அவன் அவளிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது இதுவே முதல்தடவை.

அவள் பதில் சொல்வாளா, எழுந்து போவாளா? நான் எழுதமாட்டேன். நீங்களே சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால், உங்களிடம் எதையுமே கேட்காத ஒருவரோடு கொஞ்சகாலம் குடித்தனம் நடத்திவிட்டு வாருங்கள்.