ஒட்டு நகம்

பாலாவிச் சந்தியில் றஹ்மாவின் பார்லருக்கு வரும் பெண்கள் இப்போது ஜெல் பூச்சும் ஒட்டு நகமும்தான் கேட்கிறார்கள். அவளும் செய்துகொடுப்பாள். ஆனாலும் கல்யாணப் பெண் வந்தால் முதலில் இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் கைகளை ஊறவைத்து, தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. அழகுக்கலை வகுப்பில் அதைச் சொல்லித்தரவில்லை. தோல் இளகுவதற்கு அதைவிட நல்லது அவளுக்குத் தெரியாது.

2017இல் ஒரு வியாழக்கிழமை காலை, பள்ளிவாசல்துறையிலிருந்து ஸும்ராவை அவளுடைய கூடப்பிறந்த நானா அஸ்மின் வான் வண்டியில் கூட்டிவந்தான். பின்னேரம் அவளுக்கு நிக்காஹ். வலது கையில் மட்டும் கறுப்புக் கையுறை போட்டிருந்தாள்.

“பத்து விரலுக்கும் ஒட்டு நகம் வைங்க ராத்தா, நல்ல சிவப்பா,” என்று சொல்லிவிட்டு அஸ்மின் வாசலில் நின்றுகொண்டான்.

றஹ்மா கையுறையைக் கழற்றினாள். பெருவிரல் நகம் பாதி பிய்ந்து கறுத்திருந்தது. பக்கத்து இரண்டு விரல்களும் ஊதிப்போய், நகத்தடியில் இரத்தம் கட்டியிருந்தது. அடுப்பில் கொதித்த கேத்தலிலிருந்து கொஞ்சம் ஊற்றி இளஞ்சூடாக்கிய உப்புத் தண்ணீர் பட்டதும் ஸும்ரா பல்லைக் கடித்தாள்.

“கதவுல நசுங்கினதா?”

“நானாதான் அலுமாரிக் கதவுக்குள்ள கைய வச்சுச் சாத்தினார். மூணு தரம்.” குரலைத் தாழ்த்தினாள். “இந்த மாப்பிள்ளை வேணாம் எண்டு சொன்னேன்.”

றஹ்மா அந்தக் கையைத் தண்ணீரிலிருந்து மெல்ல எடுத்துத் துவாயில் வைத்தாள். எழுந்து வாசலுக்குப் போனாள்.

“காயத்துக்கு மேல நகம் ஒட்ட ஏலாது தம்பி. விரல் அழுகிப்போகும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க.”

“மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைகள் கையப் பாப்பாங்க. மறைக்கத்தான் இங்க வந்த.”

“என்னால ஏலாது.”

அவன் அவளைத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தான். மேசையிலிருந்த பசையை ஓர் ஒட்டு நகத்தில் பிதுக்கி, தங்கையின் பெருவிரலில் வைத்து அழுத்தினான். ஸும்ரா அலறினாள். றஹ்மா பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். முழங்கையால் அவள் முகத்தில் இடித்தான். மூக்கெலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவள் சரிந்து மோதியதில் கண்ணாடி உடைந்து கொட்டியது. விழுந்துகிடந்தவளை விலாவில் உதைத்தான். பிறகு ஸும்ரா உட்கார்ந்திருந்த கதிரையைத் தூக்கி ஓங்கினான்.

ஸும்ரா இடது கையால் அடுப்பிலிருந்த கேத்தலை எடுத்து, கொதிக்கிற தண்ணீரை அவன் கழுத்தில் ஊற்றினாள். அவன் கதிரையைப் போட்டுவிட்டுத் துடித்தான். சத்தம் கேட்டுப் பக்கத்துத் தையல் கடை மார்த்தாவும் இரண்டு லொறிக்காரர்களும் ஓடிவந்து அவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

மூவரையும் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஸும்ராவின் இரண்டு விரல்களில் எலும்பு முறிந்திருந்தது. பெருவிரல் நகத்தை முழுவதும் எடுத்துவிட்டார்கள். பொலிஸ் வருவதற்குள் அவளுடைய வாப்பா வந்து கட்டிலருகே குனிந்தார்.

“நானா வழுக்கி விழுந்து சுடுதண்ணி கொட்டுண்டது எண்டு சொல்லு மகள். ஊட்டுக்குள்ள முடிச்சுக்குவம்.”

பொலிஸ்காரர் கொப்பியைத் திறந்ததும் ஸும்ரா கட்டுப்போட்ட கையை அவர் முன்னால் நீட்டினாள்.

“நான்தான் ஊத்தினேன். ஏன் ஊத்தினேன் எண்டும் எழுதுங்க.”

நிக்காஹ் நின்றுபோனது. அஸ்மினை விளக்கமறியலில் வைத்தார்கள். பிணையில் வந்தவன், சாட்சி சொன்னால் கடையைக் கொளுத்துவேன் என்று றஹ்மாவுக்கு ஆள் அனுப்பினான். பல நாள் அவள் பயந்து பயந்துதான் கடை திறந்தாள். வழக்கு நாளன்று காலை ஸும்ரா ஆலங்குடாவில் உம்மாவின் தங்கையான சாச்சி வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். றஹ்மா கடையைப் பூட்டினாள். இரண்டு பேரும் நீதிமன்றத்துக்கு ஒன்றாகவே போனார்கள்.