யாரும் சொல்லாத பிளக்

கண்ணாடிக்காரரின் கார் முதன்முதலில் துப்பிய நான்கு ஸ்பார்க் பிளக்குகளும் தெருமுனையில் இடப்பக்கம் திரும்பின. சிக்னலில் சிவப்பு விழுந்திருந்ததால் ஆள் உயரத்தில் அந்தரத்தில் நின்றன. பச்சை வந்ததும் புறப்பட்டு, டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர் வீட்டு ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே போய், சவரம் செய்துகொண்டிருந்த அவர் நெற்றியில் ஒன்றன்பின் ஒன்றாக மோதின. நான்கு புடைப்புகள், வரிசையில் ஒரு கோணலும் இல்லை. அந்தப் பிளக்குகளைப் போடச் சொன்னவரே அவர்தான் என்பதால், பிளக்குகளின் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. உடைந்த ஜன்னலுக்கு இன்றைக்கும் அட்டைதான் ஒட்டியிருக்கிறது. நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். ஆளை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் ஒரு லென்ஸைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, "இதுல தெளிவா இருக்கா, அதுலயா?" என்று கேட்பது அவர் தொழில். இதையே காலமெல்லாம் கேட்டதில், எதற்கும் பதில் எதிரில் இருப்பவன் வாயிலிருந்துதான் வரவேண்டும் என்று அவருக்கு ஊறிப்போய்விட்டது. சட்டை எடுக்கப் போனால் துணிக்கடையில் நிற்கும் முன்பின் தெரியாதவரைக் கேட்பார். பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா என்று பால்காரரைக் கேட்டார். பால்காரர் ஆற அமர யோசித்துச் சொல்வதற்குள் வயது தாண்டிவிட்டது. காரையும் அப்படித்தான் வாங்கினார். டர்போ வைத்த மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டு பேர்தான் உட்காரலாம். அதுவும் தொட்டிக்குள் இறங்குவதுபோல் காலை முதலில் விட்டுத்தான் உட்கார வேண்டும். பார்வை மங்கிப்போன ஒரு வாடிக்கையாளர் அதை விற்க வந்தபோது தெருவே வாங்கு வாங்கு என்றது. அடுத்தவன் வீட்டு வாசலில் கார் நின்றால் சாய்ந்துகொண்டு பேச வசதி, அவ்வளவுதான் தெருவின் அக்கறை.

அவர் மனைவி பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே அவள் எடுக்கும் முடிவு ஒன்று பிசகினாலும் ஓர் உயிர் போகும். வீட்டுக்கு வந்தாலோ, ஃபேனை இரண்டில் வைப்பதா மூன்றில் வைப்பதா என்று ஒருவர் சுவிட்ச் பக்கத்தில் காத்துக்கொண்டு நிற்பார். அவளுடைய அண்ணன் இருந்த ஊரில், அரைநாள் பயணத் தூரத்தில், அவளுக்குத் தலைமை நர்ஸ் வேலை வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவள் அவரிடம் ஒரு விஷயம் கேட்டாள். "நான் போகட்டுமா, இருக்கட்டுமா?" அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "ரெண்டு பேரைக் கேட்டுட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். தெரு கூடி யோசித்தது. பதவி உயர்வு சும்மா வராது, போகட்டும் என்றது. அவர் திரும்பி வந்து அதை அப்படியே ஒப்பித்தார். அவள் பெட்டியை மூடினாள். பஸ் ஏறும்போது, "நீங்களா, யாரையும் கேக்காம, ஒண்ணு முடிவு பண்ணி அந்த வண்டியில வந்து நில்லுங்க, அப்ப திரும்பி வரேன். பஸ்ல வந்தீங்கன்னா அதே பஸ்ல ஏத்தி அனுப்பிடுவேன்" என்றாள். பஸ் போனபிறகு அவர் கொஞ்ச நேரம் நின்று, இதற்கு என்ன அர்த்தம் என்று அடுத்த பஸ்ஸின் கண்டக்டரைக் கேட்டார்.

வண்டி மெதுவாகப் போனவரைக்கும் ஒழுங்காகப் போனது. வேகமெடுத்து டர்போ காற்றைத் திணிக்க ஆரம்பித்ததும் விக்கல் எடுத்து நின்றது. மெக்கானிக் பழைய பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நுனி தேய்ந்து, மழுங்கிய பென்சில்போல் இருந்தது. "பிளக் முடிஞ்சுபோச்சு சார். டர்போ வண்டிக்குக் கண்டதையும் மாட்ட முடியாது. உள்ள சூடு ஜாஸ்தி, அந்தச் சூட்டைச் சட்டுனு வெளிய தள்ளுற பிளக்கா வேணும். நுனியில இருக்குற சந்தும் கம்மியா இருக்கணும், இல்லேன்னா காத்து பொறியை ஊதி அணைச்சிடும்." சரி, எதைப் போடலாம் என்று கண்ணாடிக்காரர் கேட்டார். "நீங்க வாங்கிட்டு வாங்க, மாட்டித் தரேன்" என்றார் மெக்கானிக். எதைக் கொடுத்தாலும் மாட்டுவார், எதையும் மாட்டச் சொல்லமாட்டார். அவர் கடை இன்றுவரை நன்றாக ஓடுவதற்கு இது ஒன்றே காரணம்.

டிரைவிங் ஸ்கூல்காரர் பிளாட்டினம் நுனி வைத்ததைச் சொல்லி நெற்றி வீங்கிய பிறகாவது தெரு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் இரிடியம் வைத்ததுதான் சரி என்றார். அவர் கடையில் அதைவிட விலை கூடியது இல்லை, இருந்திருந்தால் அதைச் சொல்லியிருப்பார். அந்த நான்கும் திரும்பி வந்து அவர் முழங்காலைப் பெயர்த்தன. அவர் நொண்டிக்கொண்டே அவற்றைத் துடைத்து, பெட்டியில் போட்டு, அலமாரியில் வைத்து, மறுநாள் வேறொருவர் சொன்னதாகக் கண்ணாடிக்காரருக்கே விற்றார். அவையும் திரும்பி வந்தன. பிறகு கடை வாசலில் ஒரு மீன்வலையைக் கட்டிவைத்து, தொழிலைத் தொடர்ந்து நடத்தினார். ரிட்டையர் ஆன பேங்க் மேனேஜர் கெட்டிக்காரர். மூன்று பல் வைத்த பிளக்கைச் சொல்லிவிட்டு, "நான் சொல்லல, எதிர்வீட்டுக்காரர் சொல்லிக்கிட்டு இருந்தார்" என்று முடித்தார். பிளக்குகள் எதிர்வீட்டு வாசல்வரை போய், பெயர்ப் பலகையைப் பார்த்து, திரும்பி வந்து மேனேஜரைக் குளியலறையில் பிடித்தன. கடைசியில் குடியிருப்போர் சங்கம் கூடி, ஏழு பேர் குழு போட்டு, பொறுப்பு தனியாக யார்மீதும் விழாதபடி ஒரு பிளக்கைத் தீர்மானம் செய்தது. அந்தப் பிளக்குகள் கூட்ட அறையில் ஃபேனுக்குக் கீழே சற்று நேரம் சுற்றிவிட்டு, தலைவரிலிருந்து தொடங்கி ஏழு பேரையும் முறைப்படி ஆளுக்கொரு முறை அடித்தன. பொருளாளருக்கு மட்டும் இரண்டு விழுந்தது. அவர் தீர்மானத்தை வழிமொழிந்தும் இருந்தார்.

உள்ளூரில் ஆள் தீர்ந்ததும் கண்ணாடிக்காரர் மச்சானுக்குப் போன் போட்டார். "மாப்ளே, பைக் ரேஸ்ல போடுவாங்கல்ல, அந்தப் பிளக்கு. கண்ணை மூடிக்கிட்டுப் போடு" என்றார் மச்சான். போட்டார். அந்த நான்கு பிளக்குகளும் சாயங்காலம் புறப்பட்டு, நெடுஞ்சாலையில் இடப்பக்கமாகவே போய், டோல்கேட்டில் லாரிகளுக்குப் பின்னால் வரிசையில் நின்று, விடியும்போது மச்சான் வீட்டுக் கதவைத் தட்டின. திறந்தது மனைவி. முகத்துக்கு நேராக நின்ற நான்கு பிளக்குகளையும் அவள் பார்த்தாள், அவை அவளை ஒதுக்கிவிட்டு உள்ளே போனதையும் பார்த்தாள், பிறகு அண்ணன் போட்ட சத்தத்தையும் கேட்டாள். கட்டுப் போட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

"இன்னும் ஊரைத்தான் கேட்டுக்கிட்டிருக்கீங்களா?"

"ஊரையெல்லாம் கேக்கல. உங்க அண்ணனைத்தான் கேட்டேன்."

"அண்ணனுக்கு மண்டையில மூணு தையல். எனக்குத் தையல் போடுற இடத்துல அடி படல. இங்க வேலையை நிரந்தரமாக்கறோம்னு சொல்றாங்க. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் நீங்க பறந்தே வந்தாலும் வரமாட்டேன்."

அதற்குள் தெரு ஊமையாகியிருந்தது. யாரும் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. எந்த டாக்டர் நல்லவர் என்று கேட்டால் வானத்தைப் பார்த்தார்கள். முடிவெட்டுபவர் கத்தரியை நீட்டி, எங்கே வெட்டவேண்டும் என்று வாடிக்கையாளர் வாயால் சொன்னால் ஒழிய வெட்டமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார். அந்த மாதத்தில் இரண்டு கல்யாணங்களைப் பெண்ணும் பையனும் தாங்களே பேசி முடித்துக்கொண்டார்கள். நடுவில் புகுந்து கெடுக்க ஆள் கிடைக்கவில்லை. குடியிருப்போர் சங்கம் கூடியது, எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், கலைந்தது. சங்கத்தின் சரித்திரத்தில் அதுதான் உருப்படியான கூட்டம்.

மாதக் கடைசிக்கு முதல்நாள் கண்ணாடிக்காரர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனார். கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து, "என்னைய ஒண்ணும் கேக்காதீங்க! அலமாரி அங்க இருக்கு, நீங்களே எடுத்துக்கங்க" என்றார். கண்ணாடிக்காரர் அலமாரி முன்னால் நின்றார். ஒரு பிளக்கைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, அதை இறக்கி, இன்னொன்றைப் பிடித்து, "இதுவா, அதுவா?" என்றார். வாசலில் மீன்வலை ஆடியது. அப்படியே நின்றார். மனைவி கேட்ட கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. அதற்கு அன்றைக்கே, செருப்பை மாட்டுவதற்கு முன்பே, பதில் அவரிடம் இருந்தது என்பது அவருக்கு அந்த அலமாரி முன்னால்தான் தெரியவந்தது. கடை மூடும் நேரத்தில், வெயிலில் நிறம் வெளுத்த பெட்டியில் கிடந்த சாதாரணப் பிளக்குகளில் நான்கை எடுத்தார். சூட்டை வேகமாகத் தள்ளுவது என்று பெட்டிமேலேயே போட்டிருந்தது. இத்தனை நாள் தெருவில் ஒருவரும் பெட்டியைப் படிக்கவில்லை. சந்து கொஞ்சம் அதிகம். ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தன் கண்ணால் பார்த்து, தன் கையால் நுனியைத் தட்டிக் குறைத்தார்.

மெக்கானிக் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வந்தார். "யாரு சொன்ன பிளக்கு?" என்று கேட்டார். "நான்தான்" என்றார் கண்ணாடிக்காரர். மெக்கானிக் மாட்டி முடித்துவிட்டுச் சுவருக்குப் பின்னால் போய் நின்றார். வண்டி உறுமியது. ஜன்னல்களுக்குப் பின்னால் தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான்காவது பிளக் எகிறி வெளியே வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணாடிக்காரர் நெற்றியில் ஒரு போடு போட்டது. மற்ற மூன்றும் அசையவில்லை. முக்கால்வாசி சரி என்பது அந்தத் தெருவில் அதுவரை எவரும் எட்டாத அளவு. அடித்த பிளக் மற்றவைபோல் தரையில் விழாமல், அவருடைய இடது காதுக்குப் பக்கத்தில் அந்தரத்தில் நின்றது. மெக்கானிக் வந்து அந்த ஓட்டையை அடைத்தார். "மூணு சிலிண்டர்ல ஓடும். ஆனா நான் ஓட்டச் சொல்லல." கண்ணாடிக்காரர் அவர் சொன்னதைக் காதில் வாங்காமல் கிளம்பினார். காதில் வாங்காமல் அவர் செய்த முதல் காரியம் அது.

வழியெல்லாம் வண்டி தகரத்தை இழுத்துக்கொண்டு ஓடுவதுபோல் கத்தியது. பிளக் ஜன்னலுக்கு வெளியே அதே வேகத்தில் கூடவே வந்தது. மச்சான் வீட்டு வாசலில் நின்றபோது மனைவி யூனிஃபார்மோடு வெளியே வந்தாள். பின்னால் மச்சான் தலையில் கட்டோடு எட்டிப்பார்த்து, பிளக்கைக் கண்டதும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

"நெத்தியில என்ன?"

"பிளக்கு."

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. நானே எடுத்தேன்."

அவள் அவர் காதோரம் மிதந்ததைப் பார்த்தாள். "தப்பா எடுத்திருக்கீங்க."

"ஒண்ணுதான் தப்பு. மூணு சரி."

"இப்ப என்ன பண்ணலாம்? நான் இருக்கட்டுமா, வரட்டுமா?"

அவர் பழக்கதோஷத்தில் வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். தெருவில் ஒரு நாய் மட்டும் இருந்தது. "அன்னிக்கே நீ போகாதேன்னுதான் சொல்லியிருக்கணும். வா, வீட்டுக்குப் போலாம். ஏறு" என்றார். அவள் பெட்டியை எடுத்துவர உள்ளே போகவில்லை. யூனிஃபார்மோடு, முதலில் காலை விட்டு, ஏறி உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் சில வருஷங்களில் தெரு பழையபடி ஆளுக்கு ஆள் யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு சொல்கிறார்கள். கார் இன்னும் மூன்று சிலிண்டரில்தான் ஓடுகிறது. நான்காவது பிளக் இன்னும் கண்ணாடிக்காரரின் இடது காதுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவர் தூங்கும்போது தலையணைக்கு ஒரு சாண் மேலே நிற்கும். கடைக்கு வருகிறவர்கள் அதை ஏதோ கண் பரிசோதனைக் கருவி என்று நினைத்து உற்றுப் பார்ப்பார்கள். லென்ஸ் துடைக்கும் துணியை அவர் அதில்தான் தொங்கவிடுகிறார். மழைக்காலத்தில் துரு பிடித்துவிடக் கூடாதென்று அவர் மனைவி வாரத்துக்கு ஒருமுறை அதற்கு எண்ணெய் போடுகிறாள். தேங்காய் எண்ணெயா, மெஷின் எண்ணெயா என்று அவர் யாரையும் கேட்பதில்லை.