புளிப்புக்குச் சாகாதது

சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் தரம் பார்க்கும் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. பெயர் லோகேஸ்வரன். பழம் வெட்டும் பெண்கள் எனக்கு வைத்திருந்த பெயர் 'ஆசிட் சார்'. அவர்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னதை நான் பட்டம் வாங்கினது போலவே வைத்துக்கொண்டிருந்தேன். கூழ் நிறம் மாறினாலும் சிட்ரிக் ஆசிட், வாசனை மாறினாலும் சிட்ரிக் ஆசிட். புளிப்பில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்பது என் இருபது வருடக் கொள்கை. யாரும் கேட்காமலே எல்லோருக்கும் சொல்வேன்.

போன ஜூன் மாதம், தோதாபுரி மாம்பழ வரத்து உச்சத்தில் இருந்தபோது, கிடங்கில் மூன்று டிரம்கள் மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றன. பழக்கூழை நன்றாகச் சூடாக்கி, ஆறவைத்து, காற்றுப் புகாத பையில் நிரப்பி, பையை டிரம்முக்குள் வைத்து மூடுவோம். ஒழுங்காகச் செய்தால் ஒரு வருடம் ஆனாலும் கெடாது. இந்த மூன்றும் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. திறந்து பார்த்தால் பை உப்பியிருக்கிறது, உள்ளே கள்ளுக்கடை வாசனை. மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். உருண்டை உருண்டையாக ஈஸ்ட். பழத்தோல் மேல் தானாகவே ஒட்டியிருக்கும் காட்டு ஈஸ்ட் வகை.

உடனே வெட்டும் பகுதிக்குப் போனேன். அங்கே சந்திரம்மா விரலில் துணி கட்டிக்கொண்டு பழம் அறுத்துக்கொண்டிருந்தாள். பாலசமுத்திரத்துப் பக்கத்தவள், ஒன்பது சீசனாக எங்களிடம் வேலை பார்ப்பவள். எனக்குக் குற்றவாளி கிடைத்துவிட்டாள்.

"இந்த அழுக்குத் துணியோட பழத்தத் தொட்டா ஈஸ்ட்டு வராம என்னம்மா வரும்?" என்று கத்தினேன். பத்துப் பெண்கள் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"சார், விரலு அறுத்துக்கினது நேத்துதான். அந்த டிரம்மு போன வாரத்தது" என்றாள்.

மறுக்க முடியாத நியாயம் எதிரில் வந்தால் படித்தவன் செய்யும் காரியத்தைத்தான் நானும் செய்தேன். இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசினேன். அவள் என் வாயையே பார்த்தாள். பிறகு ஏப்ரனைக் கழற்றி மேசைமேல் மடித்து வைத்துவிட்டு வெளியே நடந்தாள். நான் தடுக்கவில்லை. ஒரு நடவடிக்கை எடுத்த திருப்தியில் கேன்டீனில் இரண்டு டீ குடித்தேன்.

அந்த வாரமே திருப்பதியிலிருந்து சுலோச்சனா போன் செய்தாள். எம்.எஸ்ஸி.யில் என்னோடு படித்தவள், இப்போது அங்கே ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் எடுக்கிறாள். தன் மாணவர்களிடம் வந்து பேசச் சொன்னாள். 'புளிப்பால் கிருமிகளை அடக்குவது எப்படி' என்று நானே தலைப்பு கொடுத்தேன். சும்மா பேசினால் எப்படி? கெட்டுப்போன டிரம்மிலிருந்தே கூழை எடுத்து, ஆசிட் அள்ளிப் போட்டு, நாக்கில் வைக்க முடியாத அளவுக்குப் புளிப்பாக்கி, இரண்டு கண்ணாடி பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி, மூடியை இறுக்கி லேப் ஃப்ரிட்ஜில் வைத்தேன். பத்து நாள் ஒரு குமிழிகூட வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானமே பாட்டில்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "இந்த நாத்தத்த என் ஃப்ரிட்ஜுல வைக்காதீங்க" என்று என் மனைவி சுஷ்மிதா சொல்லிவிட்டதால், இரவெல்லாம் அவை அலமாரி மேலேயே இருந்தன. மறுநாள் காலை பையில் போட்டு, திருப்பதி பஸ்ஸில் ஏறி, தலைக்கு மேலுள்ள தட்டில் பத்திரமாக வைத்தேன். வெயில் ஒன்பது மணிக்கே கொளுத்தியது.

பஸ் சந்திரகிரி தாண்டியதும் டமால் என்று ஒரு சத்தம். டயர் வெடித்தது என்று டிரைவர் ஓரம் கட்டினார். வெடித்தது டயர் இல்லை. தட்டிலிருந்து மஞ்சளாக ஒழுகிக்கொண்டிருந்தது. என் முன் சீட்டில், மலைக்கு வேண்டிக்கொண்டு ஒரு வருடமாக முடியும் தாடியும் வளர்த்திருந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். கூழ் முழுவதும் அவர் தலையில். நல்லவேளை, கண்ணாடித் துண்டெல்லாம் பைக்குள்ளேயே நின்றுவிட்டது. அவர் எழுந்து என்னைப் பார்த்த பார்வையில் என் படிப்பு, பதவி எல்லாம் கரைந்துபோயிற்று.

"இது யாரு பை?" என்று கண்டக்டர் தெலுங்கில் கத்தினார். பஸ்ஸில் நாற்பது பேர் இருந்தும் எல்லோருக்கும் அது என் பை என்று தெரிந்திருந்தது.

"மாம்பழந்தாங்க, ஒண்ணும் ஆவாது" என்றேன், பாதி தமிழிலும் பாதி தெலுங்கிலும்.

"மாம்பழம் எப்படிய்யா வெடிக்கும்?" என்றார் அந்த பக்தர். நியாயமான கேள்வி. அந்தத் துறையில் இருபது வருட அனுபவம் உள்ள நான் எழுந்து பையைத் துடைக்க ஆரம்பித்தேன். கடைசியில் கண்டக்டர்தான் அவருக்குச் சமாதானம் சொன்னார்: "எப்படியும் மொட்டைதானே போடப் போறீங்க, சாமி." பஸ்ஸே சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன். பக்தர் முறைத்ததும் நிறுத்திக்கொண்டேன். அவருடைய துண்டை நனைத்துக் கொடுத்து, அவர் தலையை நானே துடைத்துவிட்டபடி திருப்பதி போய்ச் சேர்ந்தேன்.

சட்டையெல்லாம் கூழோடு வந்து நின்ற என்னைப் பார்த்து சுலோச்சனா முதலில் பயந்தாள், பிறகு கதையைக் கேட்டு மேசையில் தலை கவிழ்ந்து சிரித்தாள். மிஞ்சிய பாட்டிலை வாங்கி, துணியைச் சுற்றி மெல்லத் திருகினாள். சோடா திறந்தது போல் சீறியது. ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

"வந்து பாரு லோகு. அத்தனையும் உயிரோட இருக்குது. மொட்டு விட்டுப் பெருகிக்கினு இருக்குது."

"பத்து நாளு ஒண்ணுமே ஆவலையே!"

"எங்க வச்சிருந்தே?"

"ஃப்ரிட்ஜுல" என்று சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அவை குளிரில் தூங்கின. அந்தப் பெருமையை நான் ஆசிட்டுக்குக் கொடுத்திருக்கிறேன்.

"ஆனா இவ்ளோ புளிப்புல எப்படிப் பொழைக்குது?"

"நாமதான் படிச்சோமே, மறந்துட்டியா? ஆசிட்டு உள்ள நொழைய நொழைய ஈஸ்ட்டு அத வெளிய தள்ளிக்கினே இருக்குது. அதோட மேல்தோல்ல பம்பு மாதிரி ஒண்ணு வேலை செய்யுது. மழைக்காலத்துல பள்ளத்து வீட்டுக்காரங்க தண்ணிய மொண்டு மொண்டு வெளிய ஊத்துவாங்க இல்ல, அந்த மாதிரி. அதுக்குத் தெம்பு வேணும். தெம்புக்குச் சக்கரை வேணும். மாம்பழத்துல சக்கரைக்கா பஞ்சம்?"

"அப்ப நான் போட்ட ஆசிட்டு?"

"அதுல செத்தது பாக்டீரியா. ஈஸ்ட்டுக்குப் போட்டியா இருந்ததுங்க. பந்தியில மத்தவங்கள எழுப்பி அனுப்பிட்டு, இதுக்கு மட்டும் நீயே எலை போட்டுப் பரிமாறியிருக்கே."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். "எதுலதான் சாகும்?"

"சூட்டுல. எழுபது டிகிரியே இந்த மாதிரி ஈஸ்ட்டுக்கு ஜாஸ்தி. நீங்க எவ்ளோ வைக்கிறீங்க?"

"தொண்ணூத்தஞ்சு."

"அப்ப சூடாக்கினதுக்கு அப்பறம்தான் எங்கயோ நொழைஞ்சிருக்குது."

பழம் வெட்டுவது சூடாக்குவதற்கு முன்னால். சந்திரம்மாவின் கையில் உலகத்து ஈஸ்ட் எல்லாம் இருந்திருந்தாலும் அது வெந்து செத்திருக்கும். விரல் அறுந்த நாளைக் கணக்குக் காட்டி அவள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தாள். அதுகூடத் தேவையில்லை. என் வேலையைச் சரியாகத் தெரிந்த ஒருவன் என் இடத்தில் நின்றிருந்தாலே போதும்.

வகுப்பில் தயார் செய்திருந்த பேச்சைத் திறக்கவே இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். கூழ்க்கறையோடு நின்று பேசியவனைப் பார்த்து ஒருவரும் தூங்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "சார், அந்த அம்மா திரும்ப வந்துட்டாங்களா?" என்று கேட்டாள். வேறு எந்தக் கேள்வியும் எனக்கு நினைவில்லை.

மறுநாள் காலை ஃபிட்டர் ஆதிநாராயணனைக் கூப்பிட்டு, பையில் கூழ் நிரப்பும் முனையைக் கழற்றச் சொன்னேன். உள்ளே ரப்பர் வளையம் வெடித்திருந்தது. வெடிப்புக்குப் பின்னால் பழைய கூழ் கருத்து ஒட்டியிருந்தது, அதே கள்ளு வாசனை.

"இத வாராவாரம் கழட்டிப் பாக்கணுமே சார்" என்றார்.

"யாரு பாக்கணும்?"

அவர் சுவரில் தொங்கிய அட்டையைக் காட்டினார். வாராவாரம் 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்து இருந்தது. அழகான கையெழுத்து. என்னுடையது. அந்த முனையை நான் கடைசியாக எப்போது கழற்றிப் பார்த்தேன் என்று யோசித்தேன். பார்த்ததே இல்லை.

வளையத்தை மாற்றினோம். அதற்குப் பிறகு ஒரு டிரம்மும் உப்பவில்லை.

சாயங்காலம் வெட்டும் பெண்களிடம் விசாரித்துக்கொண்டு பங்காருபாளையம் போனேன். சந்திரம்மா அங்கே ஒரு மண்டியில் பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். விரல் ஆறியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், அட்டையில் இருந்த கையெழுத்து உட்பட. தப்பு என்னுடையது, மன்னித்துவிடு, திரும்ப வேலைக்கு வா என்றேன்.

அவள் கையிலிருந்த பழத்தைக் கூடையில் வைத்தாள். "என்னத் திட்டினது எத்தினி பேரு முன்னால சார்?"

"பத்து பேரு."

"இங்க நான் ஒருத்திதான இருக்கேன்?"

அடுத்த திங்கள்கிழமை டீ நேரத்தில் வெட்டும் பகுதியில் பத்துப் பெண்களையும் உட்காரவைத்தேன். சந்திரம்மா வாசலோரம் வந்து நின்றாள். நான் தொடக்கத்திலிருந்து சொன்னேன். பஸ்ஸில் பாட்டில் வெடித்த கட்டம் வந்தபோது ஒருத்திக்கு டீ புரையேறிற்று. அட்டையில் இருந்த என் கையெழுத்தைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. "அவ மேல தப்பே இல்ல. நான்தான் பாக்காமலே கையெழுத்துப் போட்டுக்கினு இருந்தேன்" என்று முடித்தேன்.

பிறகு வயதில் மூத்த சுந்தராம்பாள் கேட்டாள்: "அப்ப ஆசிட்டுக்கு அது சாவாதா சார்?"

"சாவாதும்மா."

"இத்தினி வருசமா மூட்ட மூட்டயா நாங்க தூக்கினு வந்து கொட்டினோமே?"

பாக்டீரியாவுக்கு அது தேவைதான் என்று விளக்க வாயெடுத்தேன். சந்திரம்மா வாசலில் நின்றபடியே சிரிக்க ஆரம்பித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். விளக்கத்தை விழுங்கிக்கொண்டேன்.

அவள் வேலைக்குத் திரும்பவில்லை. மண்டியில் நிழல் இருக்கிறது, நாற்காலி கொடுக்கிறார்கள், யாரும் இங்கிலீஷ் பேசுவதில்லை என்றாள். போகும்போது அந்தப் பெண்களில் இரண்டு பேரிடம் அங்கே ஆள் தேவைப்படுகிறது என்றும் சொல்லிவிட்டுப் போனாள். அவர்களும் மறுவாரம் போய்விட்டார்கள்.