மழைக்கு வாய்தா வாங்கிய வக்கீல்

எழுமலையில் ஐப்பசி மழைக்கு முதன்முதலில் வாய்தா வாங்கியது மலையாண்டி மகன் சிவபாண்டி, பி.ஏ., எல்.எல்.பி. ரோட்டோரம் அவன் அப்பாவின் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. வீட்டிலிருந்த ஒரே தார்ப்பாய் பக்கத்துத் தெருக் கல்யாணப் பந்தலுக்குப் போயிருந்தது. மதுரை பஸ்ஸை விட்டு அப்போதுதான் இறங்கிய சிவபாண்டி, கருப்புக் கவுனைக் கையில் மடித்துப் போட்டபடி மேகத்தை அண்ணாந்து பார்த்தான். காலையிலிருந்து அதையே சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் சும்மா இருக்கவில்லை. "அய்யா, சீனியர் ஹைகோர்ட்ல இருக்காங்க. ஒரு வாய்தா வேணுங்கய்யா" என்றான். மேகம் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு வந்த வழியே திரும்பிப் போய், கார்த்திகை பாதியில், சோளம் விற்று முடிந்த மறுநாள் வந்து பெய்தது. அந்த வாரம் சோளம் குவிண்டால் இரண்டாயிரத்து இருநூறு.

சிவபாண்டிக்குத் தெரிந்த சட்டமே அந்த ஒரு வாய்தாதான். ஐந்து வருடம் படித்த தனியார் கல்லூரியில் அதைச் சொல்லித் தரவில்லை. அங்கே ரோமானியச் சட்டம், கடல் சட்டம், விண்வெளிச் சட்டம் எல்லாம் நடத்தினார்கள். கல்லூரி விளம்பரத் தாளில் ஒரு நீதிபதியின் படம் இருந்தது. அவர் அங்கே படித்தவர் இல்லை, ஒரு தடவை அந்த வழியாகப் போனவர். இதற்கு எட்டு லட்சம் பேங்க் கடன். கிணற்றோடு சேர்ந்த ஒண்ணரை ஏக்கரின் பத்திரம் பேங்க் பீரோவுக்குள் போனது. மலையாண்டிக்கு அதில் கவலை இல்லை. டிவியில் பெரிய வக்கீல் ஒருவர் ஒரு நாள் நிற்க எம்புட்டு வாங்குகிறார் என்று கேட்டிருந்தார். அதை மாதத்தால் பெருக்கி, கடன் ஆடிக்குள் அடைந்துவிடும் என்று கணக்கும் போட்டிருந்தார். அது எந்த வருட ஆடி என்பதில்தான் சிக்கல்.

மதுரை வில்லாபுரத்தில் மூன்று பேர் படுக்கும் ஒரு அறையிலிருந்து சிவபாண்டி தினமும் கோர்ட்டுக்குப் போனான். சீனியர் பெயர் அழகுபாண்டி. நல்ல மனிதர், கோபமே வராது, கோர்ட்டுக்கும் வரமாட்டார். கேஸைக் கூப்பிட்டதும் எழுந்து நின்று வாய்தா கேட்பதுதான் ஜூனியரின் வேலை. நான்கு வருடத்தில் சிவபாண்டி வாதாடிய வழக்கு ஒன்றுமில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அழகுபாண்டி ஐநூறு ரூபாயை நாலாக மடித்து, யாருக்கும் தெரியாமல் லஞ்சம் கொடுப்பவரைப் போல அவன் சட்டைப்பையில் திணித்து, "டீ சாப்புட்டுக்கங்க தம்பி" என்பார். பேங்குக்குக் கட்ட வேண்டியது மாதம் பதிமூன்றாயிரம். அம்புட்டு டீயும் குடிக்காமல் இருந்தாலும் கட்டுபடியாகாது.

கூடப் படித்த முத்துக்குமரன் இரண்டே வருடத்தில் கவுனைக் கழற்றிவிட்டு ஒரு பைனான்ஸ் கம்பெனியில் சேர்ந்திருந்தான். மாதம் இருபத்தைந்தாயிரம், தீபாவளிக்கு ஒரு குக்கர். சம்பளத்துக்குப் போனால் வக்கீல் பதிவை ஒப்படைத்துவிட வேண்டும் என்பது விதி. "மாப்ள, நீ கோர்ட்டுக்குப் போற பஸ் காசுலயே ஒரு கோர்ட்டு கட்டிரலாம்டா. வந்துரு" என்று மாதம் ஒருமுறை போன் போடுவான். சிவபாண்டி வெயில் தாழ்ந்ததும் வண்டியூர் தெப்பக்குளக் கரையில் உட்கார்ந்து இதை நிறுத்துப் பார்ப்பான். இந்தப் பக்கம் கடன், அந்தப் பக்கம் ஒருநாள் வரப்போகிற தொழில். தொழிலின் பக்கத்தில் என்ன வைப்பதென்று தெரியாமல் கவுனை வைப்பான். விடை வராமல் எழுந்து போவான். அவனுக்கு வந்த எரிச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பொரிகடலை தீய்ந்த வாசனை அடித்ததாகச் சொல்கிறார்கள்.

மழை கேட்டுக்கொண்ட விஷயம் பரவியதும் எழுமலையில் ஆட்கள் தேடி வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் சமையல் முடியாது என்று ஒருத்தி அழுதாள்; சிவபாண்டி கேட்டுக்கொடுத்தான், மாப்பிள்ளை வீட்டு வேன் நடுரோட்டில் அரைநாள் தூங்கியது. விருமாண்டி பெரியப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, சார்ஜாவில் இருந்த மகன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். சிவபாண்டி கட்டிலருகே கைகட்டி நின்று ஒரு வாய்தா கேட்டான், பெரியப்பா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. மறுபடி வாய்தா. மறுபடி லீவு இல்லை. இப்படியே இரண்டு வருடம் போனது. "ஏலே, நான் செத்து முடிச்சவன்டா, இன்னும் எம்புட்டுத் தேதிதான் வாங்குவ?" என்று பெரியப்பா தெருவில் பார்க்கும்போதெல்லாம் கத்துவார். பீஸ் என்று சிவபாண்டி இழுத்தால் ஊரே ஆச்சரியப்பட்டது. "வாதாடுனாத்தானப்பா பீசு? நீ வாய்தாதான வாங்குன" என்று சொல்லி முருங்கைக்காய் கொடுத்தார்கள். அவன் அம்மா அன்னக்கொடி அந்த நாட்களில் முருங்கைக்காயில் செய்யாத பண்டம் இல்லை.

கடனுக்கும் அவன் வாய்தா வாங்கத்தான் செய்தான். தவணை நாள் மாதம் ஐந்தாம் தேதி. ஒவ்வொரு மாதமும் பேங்க் வாசலில் நின்று கேட்டுவிட்டு வருவான். மேனேஜருக்கு நாலாம் தேதி முடிந்தால் ஆறாம் தேதி விடியும். வாய்தா கேட்டால் தேதிதான் நகரும் என்பதையும், வட்டி இருந்த இடத்திலேயே உட்கார்ந்து தின்னும் என்பதையும் சிவபாண்டி யோசிக்கவில்லை. விண்வெளிச் சட்டம் படித்தவன் யோசித்திருக்கலாம். எட்டு லட்சம் பதினொன்றரை ஆனது. ஒரு ஆறாம் தேதியன்று மேனேஜர் கோப்பை எடுத்து, நிலத்தை ஏலம் விட வழக்குப் போடச் சொல்லித் தங்கள் வக்கீலுக்கு அனுப்பினார். அந்த வக்கீல் அழகுபாண்டி. அவர் கேஸ் கட்டின் தடிமனைப் பார்ப்பாரே தவிர மேலே எழுதியிருக்கும் பெயரைப் பார்க்கிற வழக்கம் இல்லை. "தம்பி, நாளைக்கு இந்தக் கட்டுல ஒரு வாய்தா வாங்கிருங்க" என்று அதையும் சிவபாண்டி கையிலேயே கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் டவாலி வராந்தாவில் நின்று சிவபாண்டி பெயரை மூன்று முறை கூவினார். சிவபாண்டி உள்ளேதான் இருந்தான். வாதி தரப்பு யார் என்று நீதிபதி கேட்டார். சிவபாண்டி எழுந்து, சீனியர் ஹைகோர்ட்டில் இருக்கிறார், ஒரு வாய்தா வேண்டும் என்றான். பிரதிவாதி தரப்பு யார் என்று கேட்டார். சிவபாண்டி மேசையின் அந்தப் பக்கமும் எழுந்தான். ஒருவனே இரண்டு பக்கமும் நிற்பதை அங்கிருந்த எல்லோரும் பார்த்தார்கள். டவாலி இரண்டு பேருக்கும் ஒவ்வொரு நாற்காலி இழுத்துப் போட்டார். நீதிபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாய்தா கேட்கிறார்களே, ஆட்சேபணை உண்டா என்றார். அதுவரை யாரும் அந்தக் கேள்விக்கு உண்டு என்று சொன்னதில்லை. அவரும் ஒரு மரியாதைக்குத்தான் கேட்டார்.

"உண்டுங்கய்யா" என்றான் பிரதிவாதி பக்கத்துச் சிவபாண்டி. நான்கு வருடமாக மேலே ஏறாத குரல். "வாய்தா குடுத்தா வாதிக்கு என்னங்கய்யா நஷ்டம்? உக்காந்த எடத்துல வட்டி வரும். பிரதிவாதியோட அப்பா கெணத்தடியில உழுகுறதா வேணாமான்னு தெரியாம கலப்பைய வச்சுக்கிட்டு நிக்கிறாரு. வெத வாங்கி வச்சு பூச்சி விழுந்துருச்சு. வாதி வக்கீலு ஹைகோர்ட்லயும் இல்ல. மச்சினர் வீட்டுக் காதுகுத்துல இருக்காரு, நாகமலைப் பக்கம் மண்டபம். மொய்க் கவர்ல பேர் எழுதுனதே நான்தான்."

"ஹைகோர்ட்டில் இருக்கிறார் என்று இப்போது நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"அது வாதி தரப்புல சொன்னதுங்கய்யா. இது பிரதிவாதி தரப்பு."

நீதிபதி வாதி பக்கத்துச் சிவபாண்டியைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். வாய்தா மறுக்கப்பட்டது, வழக்கை நடத்த வாதிக்கு ஆள் இல்லாததால் தள்ளுபடி ஆனது. சிவபாண்டி ஒரே ஆளாக வெளியே வந்து, ஜெயித்த முதல் வழக்குக்கு யாரிடம் பீஸ் கேட்பதென்று யோசித்தபடி ஒரு வடை வாங்கித் தின்றான். தள்ளுபடியானது வழக்குதான், கடன் இல்லை. பேங்க் வழக்கை மறுபடி எடுக்கச் சொல்லி மனுப் போட்டது. அழகுபாண்டி கோபப்படவில்லை, சனிக்கிழமை ஐநூறை மட்டும் நிறுத்தினார்.

அந்த ஒரு ஆட்சேபணையில் அவன் வாங்கிவைத்த வாய்தா அத்தனையும் ரத்தானது. விருமாண்டி பெரியப்பா அன்று மத்தியானமே, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "இப்பத்தான்டா வக்கீலு" என்று சொல்லிவிட்டு இறந்தார். மேனேஜருக்கு விட்டுப்போன ஐந்தாம் தேதிகளாகவே வரிசையாக விடிந்தன. அவர் ஞாயிற்றுக்கிழமையைப் பார்க்க நெடுநாள் ஆனது. அதற்குப் பிறகு சிவபாண்டி நிற்கிற கட்டடத்தில் எதையும் தள்ளிப்போட முடியவில்லை. வருடக்கணக்காக வராத சாட்சிகள் இட்லி தின்ற கையோடு கூண்டில் நின்றார்கள். அண்ணனும் தம்பியும் பேரன் எடுத்த பிறகும் நடத்திவந்த பாகப்பிரிவினை ஒரே காலையில் முடிந்தது. இருவரும் திங்கட்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் கோர்ட் வாசலுக்கு வந்து ஒன்றாக டீ குடித்துவிட்டுப் போனார்கள். கட்சிக்காரர்கள் சிவபாண்டியைத் தேடி வந்தார்கள். ஆனால் ஒரே நாளில் முடிகிற வழக்குக்கு ஒரு நாள் கூலிதானே என்றார்கள். கொத்தனாருக்கு ஆயிரத்து இருநூறு, வக்கீலுக்கு எழுநூறு. வட்டி அதைவிட வேகமாக ஓடியது. சும்மா நின்ற காலத்தில் கூடிய கடன், வேலை செய்த காலத்தில் இன்னும் கூடியது. பல்லைக் கடித்துக் கடித்து சிவபாண்டிக்குக் கடைவாயில் ஒரு பல் போனது.

பொங்கலுக்குள் அந்தக் கோர்ட்டில் இருந்த வழக்குகளில் பாதிக்கு மேல் தீர்ந்துபோனது. வக்கீல்கள் மர நிழலில் சீட்டாடினார்கள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கூடிப் பேசி ஆளுக்கு ஒரு பங்கு போட்டார்கள். அழகுபாண்டி தலைமையில் மூன்று கார்கள் எழுமலைக்கு வந்தன. தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை, பூ. பெண் கேட்டு வருகிறார்களா, நம் வீட்டில் பெண் இல்லையே என்று அன்னக்கொடி வேகமாகச் சேலையை மாற்றினாள். வெற்றிலைக்கு அடியில் கடன் முழுவதற்கும் ஒரு காசோலை இருந்தது. சிவபாண்டி வக்கீல் பதிவை ஒப்படைத்துவிட வேண்டும், அம்புட்டுதான்.

"ஒரே ஒரு பெரிய கேஸ், முழுசா வாதாடிட்டு விட்டுர்றேண்ணே" என்றான் சிவபாண்டி.

"அதத்தான் தம்பி வேணாங்குறோம்" என்றார் அழகுபாண்டி. அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

பேங்க் போட்ட மனு அடுத்த வாரம் வருகிறது. அதையும் அவனால் தள்ளிப்போட முடியாது. மலையாண்டி காசோலையை வெளிச்சத்தில் பிடித்து, எண்ணில் உள்ளதையும் எழுத்தில் உள்ளதையும் இரண்டு தரம் படித்தார். "இம்புட்டக் குடுத்து உன்னைய வேணாங்குறாய்ங்கன்னா, நீ பெரிய வக்கீலுதான்டா" என்றார். அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். சிவபாண்டி எழுந்து கிணற்றடிக்குப் போனான். உழாமல் கிடந்த நிலத்தில் நெருஞ்சி படர்ந்திருந்தது. நெடுநேரம் நின்றான். எட்டு லட்சமும் ஐந்து வருடமும் போட்டு வாங்கிய ஒன்றை, அதே விலைக்குக் கொஞ்சம் வட்டியோடு திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள். கடையில் சட்டை மாற்றுவதற்குக்கூட இவ்வளவு மரியாதை கிடையாது. திரும்பி வந்து தாம்பாளத்தை வாங்கிக்கொண்டான்.

பத்திரம் வீட்டுக்கு வந்தது. மலையாண்டி அந்த வாரமே உழுதார். "படிக்க வாங்குன கடன, படிச்சத விட்டு அடைச்ச மொத ஆளு நீதான் மாப்ள" என்று முத்துக்குமரன் தன் கம்பெனியில் அவனுக்கு ஒரு நாற்காலி வாங்கிக் கொடுத்தான். கோர்ட்டில் வழக்குகள் மறுபடி பழைய நடைக்குத் திரும்பின.

இப்போது சிவபாண்டி தினமும் எழுமலையிலிருந்தே வேலைக்குப் போகிறான், சாப்பாட்டுத் தூக்கோடு, நீலச் சட்டையில். அவன் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றதும் மதுரை பஸ் வந்துவிடுகிறது. டிரைவர் வீட்டில் என்ன நடந்தாலும், வழியில் டயரே போனாலும், வந்துவிடுகிறது. அவன் லீவு போட்ட நாட்களில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும், பூக்கூடைக்காரிகளும், மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவன் வரும் தெருவைப் பார்த்தே உட்கார்ந்திருப்பார்கள். தெருமுனையில் நீலச் சட்டை தெரிந்ததும் யாராவது ஒருத்தி கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு பக்கத்தில் இருப்பவளைத் தட்டுவாள். "எந்திரி, எந்திரி, வக்கீலு வந்துட்டாப்ல."